இலைக் கணக்குக்கு எந்த இன்டெக்ஸ்: தனித்தனியா, பிரின்னா, கூட்டு பி-ட்ரீயா?

நீலகிரியில் பசுந்தேயிலையை எடை போடும் நாளில் அதன் விலை முடிவாவதில்லை. தேயிலை வாரியம் மாதந்தோறும் மாவட்டச் சராசரி விலையை அறிவிக்கிறது. அதை ஒட்டித் தொழிற்சாலைகள் இலைக்கான தொகையை முடிவு செய்வது, இலை வந்து பல நாட்களுக்குப் பிறகே. இதற்கும் தரவுத்தள இன்டெக்ஸுக்கும், அதாவது வேண்டிய பதிவு எங்கே இருக்கிறது என்று காட்டும் சுட்டுப் பட்டியலுக்கும், என்ன தொடர்பு என்று தோன்றலாம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் இலை வரவு மென்பொருளைப் பராமரிப்பவன் என்ற முறையில் இன்டெக்ஸ் அமைக்கும் மூன்று வழிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, எனக்குத் தீர்ப்பைச் சொன்னது இந்த வழக்கம்தான்.

சிக்கல் எல்லோருக்கும் பழக்கமானதே. முன்பணம் கேட்டு ஒரு விவசாயி அலுவலகத்துக்கு வருகிறார். அவருடைய எண்ணைத் தட்டி இந்த மாதக் கணக்கைத் திறந்தால் திரை உறைந்து நிற்கிறது. மாத இறுதியில் எல்லோருக்கும் கணக்குச் சீட்டு அச்சிடும்போது அதே வினவல் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) விவசாயிக்கு ஒரு முறை என ஆயிரக்கணக்கில் ஓடுவதால், தாமதமும் அத்தனை மடங்காகிறது. விவசாயி எண் இன்னது, தேதி இந்த மாதத்துக்குள் என்ற இரண்டே நிபந்தனைகள் கொண்ட வினவல் அது.

எண்களைக் கைக்கு அடக்கமாக வைத்துக்கொள்வோம். 3,000 விவசாயிகள், ஒருவர் மாதத்தில் சராசரியாக 10 நாள் இலை கொடுக்கிறார் என்றால், மாதத்துக்கு 30,000 பதிவுகள், பத்தாண்டுகளில் 36 லட்சம். ஒரு பதிவுக்கு 100 பைட் என்று கொண்டால், நாங்கள் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 8 கேபி பக்கம் ஒன்றில் ஏறத்தாழ 80 பதிவுகள் அடங்கும்; மொத்தம் 45,000 பக்கங்கள், அதாவது 360 எம்பி. இன்றைய சர்வர்களுக்கு இது பொருட்டே இல்லை. ஆனால் மலைத் தொழிற்சாலை அலுவலகங்களில் இன்னும் சுழலும் வன்தட்டு கொண்ட பழைய கணினிதான் சர்வராக இருக்கிறது. அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் பக்கங்களைத் தேடிப் படிக்க, பக்கத்துக்கு ஏறத்தாழ 10 மில்லிவினாடி ஆகும்.

நோயறிதலைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வினவல் எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் கட்டளையை அனலைஸ், பஃபர்ஸ் ஆகிய விருப்பங்களோடு ஓட்டி, எத்தனை பக்கங்கள் தொடப்பட்டன, வடிகட்டி எத்தனை பதிவுகளைத் தூக்கி எறிந்தது என்ற இரண்டு எண்களை மட்டும் முதலில் பார்க்க வேண்டும். பத்துப் பதிவுகளைத் தருவதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை எறிந்திருந்தால் இன்டெக்ஸ் பொருத்தமாக இல்லை என்று பொருள். தேதிப் புலத்திலிருந்து மாதத்தைப் பிரித்தெடுத்து ஒப்பிடும்படி வினவல் எழுதப்பட்டிருந்தால், தேதி மீதான சாதாரண இன்டெக்ஸ் பயன்படாது. முதல் தேதிக்குச் சமமாகவோ அதற்குப் பிறகோ, அடுத்த மாத முதல் தேதிக்கு முன் என்று வரம்பாக எழுத வேண்டும். இதைத் திருத்தாமல் இன்டெக்ஸ்களை ஒப்பிடுவதில் பயனில்லை.

முதல் வழி, பெரும்பாலான மென்பொருள்களில் ஏற்கெனவே இருப்பது: விவசாயி எண்ணுக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று, கொள்முதல் மையத்துக்கு ஒன்று, பணம் கொடுத்தாயிற்றா என்ற நிலைக்கு ஒன்று. ஒரு விவசாயிக்குப் பத்தாண்டுகளில் 1,200 பதிவுகள் இருக்கும். அவை நாள்வாரியாக எழுதப்பட்டவை என்பதால் ஏறத்தாழ 1,200 வெவ்வேறு பக்கங்களில் சிதறிக் கிடக்கும். விவசாயி எண் இன்டெக்ஸை மட்டும் நம்பினால், பத்துப் பதிவுகளுக்காக அத்தனை பக்கங்களையும் புரட்ட வேண்டும். வன்தட்டில் அது பத்து வினாடிக்கும் மேல். போஸ்ட்கிரெஸ் இரண்டு இன்டெக்ஸ்களையும் பிட்மேப்பாக (எந்தெந்தப் பதிவு பொருந்துகிறது என்ற குறிப்பட்டையாக) மாற்றி இணைத்துப் பார்க்கவும் வல்லது. ஆனால் அதற்குத் தேதி இன்டெக்ஸில் அந்த மாதத்தின் 30,000 உள்ளீடுகளையும் படித்தாக வேண்டும். இந்த வழிக்கு ஒரு நியாயமும் உண்டு. போஸ்ட்கிரெஸ் 13 முதல் ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வரும் இன்டெக்ஸ்கள் சுருக்கிச் சேமிக்கப்படுவதால், தனித்தனி இன்டெக்ஸ்கள் இரண்டும் சேர்ந்தே கூட்டு இன்டெக்ஸைவிடக் குறைந்த இடம் பிடிக்கும். இடம்தான் கவலை என்றால் இதுவே சிக்கனம்.

இரண்டாவது வழி பிரின். 2016 தொடக்கத்தில் வெளியான 9.5 பதிப்பில் வந்த இது, ஒவ்வொரு பதிவையும் குறித்துவைப்பதில்லை. இயல்பாக 128 பக்கங்களை, அதாவது ஒரு எம்பியை, ஒரு தொகுதியாகக் கொண்டு, அதிலுள்ள மிகக் குறைந்த தேதியையும் மிக அதிகமான தேதியையும் மட்டும் எழுதிவைக்கிறது. நம் 45,000 பக்கங்களுக்கு மொத்தம் 352 தொகுதிகள்தான். இன்டெக்ஸின் அளவு சில பத்து கேபிக்குள் அடங்கிவிடும். ஒரு மாதத்தின் பதிவுகள் 375 பக்கங்களில் தொடர்ச்சியாக இருப்பதால், நான்கு தொகுதிகளைப் படித்தால் போதும். அவை அடுத்தடுத்து இருப்பவை என்பதால் வன்தட்டுகூட அந்த நான்கு எம்பியை நொடியில் சிறு பகுதிக்குள் படித்துவிடும். ஒத்திகைப் பிரதியில் பிரின்னை ஓட்டிப் பார்த்தபோது வேறெதுவும் வேண்டாம் என்றே எனக்குத் தோன்றியது.

ஆனால் ஒத்திகைப் பிரதி என்பது புதிதாக ஏற்றப்பட்ட அட்டவணை. பதிவுகள் தேதி வரிசையில் சீராக அமர்ந்திருக்கும். நடைமுறை அட்டவணையின் நிலை வேறு. இங்கேதான் விலை அறிவிப்பு குறுக்கே வருகிறது.

போஸ்ட்கிரெஸில் ஒரு பதிவைத் திருத்தினால், இருந்த இடத்தில் அழித்து எழுதப்படுவதில்லை. திருத்திய புதிய பிரதி எழுதப்பட்டு, பழையது வேக்கம் என்ற துப்புரவு வேலை வரும்வரை பிணமாகக் கிடக்கிறது. அதே பக்கத்தில் இடம் இருந்து, எந்த இன்டெக்ஸிலும் இடம்பெறாத புலம் மட்டும் மாறியிருந்தால், புதிய பிரதி அதே பக்கத்தில் அமர்ந்துகொள்ளும். இன்டெக்ஸ்களைத் தொடவே வேண்டியதில்லை; திருத்தம் கமிட் ஆன பிறகு, பழைய பிரதியின் இடமும் வேக்கத்துக்குக் காத்திராமலே விடுபடும். இதை ஹாட் திருத்தம் என்பார்கள். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும், மாறாத புலங்களுக்கான இன்டெக்ஸ்கள் உட்பட எல்லாவற்றிலும் புதிய உள்ளீடு எழுதப்பட வேண்டும். மாதத் தொகை முடிவானதும் 30,000 பதிவுகளில் விலை ஏற்றப்படுகிறது. பிறகு அதே 30,000 பதிவுகளில் பணம் கொடுத்த நிலையும் மாறுகிறது. நிலைக்கென்று ஒரு இன்டெக்ஸ் இருந்தால், அந்தத் திருத்தங்களில் ஒன்றுகூட ஹாட் ஆகாது. முதன்மைச் சாவிக்கான இன்டெக்ஸோடு சேர்த்து ஐந்து இன்டெக்ஸ்கள் என்றால், அந்த ஒரு வேலைக்கு மட்டும் ஒன்றரை லட்சம் புதிய உள்ளீடுகள். கொடுக்கப்படாதவற்றுக்கு மட்டும் என்று பகுதி இன்டெக்ஸ் வைத்தாலும், அதன் நிபந்தனையில் நிலைப் புலம் வருவதால் இதே கதிதான்.

பிரின்னுக்கு இது இன்னொரு வகையில் கேடு. பக்கத்தில் இடம் இல்லாமல் வெளியேறும் பிரதிகள் அட்டவணையின் கடைசியிலோ வேறெங்கோ உள்ள காலியிடத்திலோ போய் அமர்கின்றன. சென்ற மாதப் பதிவுகளும் இந்த மாதப் பதிவுகளும் ஒரே தொகுதியில் கலந்துவிடுகின்றன. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தணிக்கையின்போது இரண்டாண்டுக்கு முந்தைய ஒரு பதிவின் ஈரக் கழிவைத் திருத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒற்றைப் பதிவு புதிய தொகுதிக்கு இடம்பெயர்ந்தால், அந்தத் தொகுதியின் வரம்பு இரண்டாண்டுகளுக்கு விரிந்து, இடைப்பட்ட எந்த மாதத்தைக் கேட்டாலும் அதையும் புரட்ட வேண்டியதாகிறது. பதிவை நீக்கினாலும், வரம்பை மீண்டும் கணக்கிடும்வரை அது தானாகச் சுருங்குவதில்லை. மழைக்காலத்தில் மஞ்சூர்ப் பக்கத்து மையங்களில் இணைப்பு அறுந்து, சீட்டுகள் பின்னால் வந்து பழைய தேதியில் ஏற்றப்படுவதும் இதே வேலையைச் செய்யும். ஒழுங்கு எந்த அளவுக்குக் குலைந்திருக்கிறது என்பதை பிஜி_ஸ்டாட்ஸ் காட்சியில் உள்ள கோரிலேஷன் மதிப்பு காட்டும். அது 1ஐ விட்டு விலக விலக பிரின்னின் பயன் குறைகிறது. 14ஆம் பதிப்பில் வந்த மின்மேக்ஸ்-மல்டி வகை இத்தகைய தனித்த மதிப்புகளைத் தாங்கும். ஒத்திகையைத் தாண்டி அதை நான் நாள்பட ஓட்டிப் பார்த்ததில்லை என்பதால், அதற்கு எதிராகத் தீர்ப்பெழுத மாட்டேன்.

நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி: விவசாயி எண் முதலிலும் தேதி அடுத்தும் வரும் கூட்டு பி-ட்ரீ, அதாவது இரண்டு புலங்களையும் சேர்த்து வரிசைப்படுத்திய மர வடிவ இன்டெக்ஸ். நாள்வாரிச் சிட்டையிலிருந்து ஆள்வாரிப் பேரேட்டுக்கு வரவு எழுதுவது போன்றது இது: சிட்டை எப்படிக் கலைந்தாலும் பேரேட்டில் அவரவர் கணக்கு அவரவர் பக்கத்தில் தேதி வரிசையில் நிற்கும். புலங்களின் வரிசையே இதில் முக்கியம். சமன் நிபந்தனைக்குரியது முன்னாலும், வரம்பு நிபந்தனைக்குரியது பின்னாலும் வர வேண்டும். தேதியை முன்னால் வைத்தால் மாதத்தின் 30,000 உள்ளீடுகளையும் கடந்தாக வேண்டும். விவசாயி எண்ணை முன்னால் வைத்தால் வேண்டிய பத்தும் அடுத்தடுத்துக் கிடைக்கும். மரத்தில் இறங்க மூன்று பக்கம், பதிவுகளுக்குப் பத்துப் பக்கம். பத்து வினாடிக்கு மேல் எடுத்த வேலைக்கு இப்போது நொடியில் ஒரு சிறு பங்கு போதும்.

இதற்குச் செலவும் உண்டு. இதன் அளவு ஏறத்தாழ 80 எம்பி. புதிய பதிவுகள் இன்டெக்ஸின் ஓரத்தில் சேராமல் 3,000 இடங்களில் நுழைவதால், மரத்தின் அத்தனை அடிமட்டப் பக்கங்களும் நினைவகத்தில் தயாராக இருக்க வேண்டும். 3,000 பக்கங்கள் என்பது 24 எம்பி. போஸ்ட்கிரெஸ் பக்கங்களை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் ஷேர்டு பஃபர்ஸின் இயல்பான 128 எம்பிக்குள் அது அடங்கிவிடுகிறது. விவசாயிகள் லட்சக்கணக்கில் என்றால் இதே வாதம் நிற்காது.

பராமரிப்பில்தான் இதன் அருமை தெரிகிறது. விவசாயி எண்ணும் தேதியும் மாறாத புலங்கள். நிலை இன்டெக்ஸையும் மைய இன்டெக்ஸையும் நீக்கிவிட்டு, ஒரு நாளின் மொத்த வரவைப் பார்க்கத் தேதி இன்டெக்ஸை மட்டும் விட்டுவைத்தால், மாதத் திருத்தம் ஹாட் ஆவதற்கு வழி திறக்கிறது. பக்கத்தில் இடம் விட அட்டவணையின் ஃபில்ஃபேக்டரை (பக்கத்தை எத்தனை சதவீதம்வரை நிரப்பலாம் என்ற அளவை) 85 ஆக்கினேன். அது மட்டும் போதாது. 30,000 பதிவுகளையும் ஒரே பரிவர்த்தனையில் திருத்தினால், பழைய பிரதிகளின் இடம் அது முடியும்வரை விடுபடாது. பக்கம் நிரம்பி மீதியெல்லாம் வெளியேறும். எனவே பத்துத் தவணையாக, ஒவ்வொன்றையும் கமிட் செய்து (முடித்துப் பதிந்து) ஓட்ட வேண்டும். அதையும் 1 முதல் 300 வரை, 301 முதல் 600 வரை என்று பிரிக்கக் கூடாது. ஒரு மையத்து விவசாயிகளின் எண்கள் அடுத்தடுத்து இருப்பதால், ஒரே பக்கத்தின் பதிவுகள் எல்லாம் ஒரே தவணையில் சிக்கிவிடும். எண்ணின் கடைசி இலக்கத்தை வைத்துப் பிரித்தால் ஒவ்வொரு பக்கத்திலும் தவணைக்கு ஏழெட்டுப் பதிவுகளே மாறும். விலையைத் தனி அட்டவணையில் மாதத்துக்கு ஒரு வரியாக வைப்பதே மூலமருந்து; பழைய அறிக்கைகள் எல்லாம் பதிவிலுள்ள விலையையே படிப்பதால் அது இப்போதைக்குக் கைகூடவில்லை.

எடையையும் இன்டெக்ஸுக்குள்ளேயே சேர்த்து, அட்டவணையைத் தொடாமலே விடை பெறும் வசதி 11ஆம் பதிப்பு முதல் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. பக்கங்கள் வேக்கம் ஆகியிருந்தால்தான் அந்த வசதி முழுமையாகப் பலிக்கும். தானியங்கி வேக்கமோ இயல்பாக அட்டவணையில் 20 சதவீதம் பிணமான பிறகோ, 13ஆம் பதிப்பு முதல் ஏறத்தாழ அவ்வளவு புதிதாகச் சேர்ந்த பிறகோதான் வரும். நம் கணக்கில் அது 7.2 லட்சம் பதிவுகள். மாதத்துக்கு ஒரு திருத்தம் என்று கொண்டால் இரண்டாண்டும், விலை, நிலை என இரண்டு என்றால் ஓராண்டும் ஆகும். இன்டெக்ஸ் எதுவானாலும் இந்த அட்டவணைக்கு மட்டும் அந்த விகிதத்தைக் குறைத்துவைப்பது நல்லது. ஆண்டுவாரியாக அட்டவணையைப் பிரிப்பது பற்றி, 36 லட்சம் பதிவுகளுக்கு அது தேவையில்லை என்பதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவமில்லை.

புதிய இன்டெக்ஸை, பதிவு எழுதுவதைத் தடுக்காமல் கட்டும் கன்கரன்ட்லி என்ற விருப்பத்தோடு, உறைபனியில் இலை வரத்து குறைந்திருக்கும் நாட்களில் கட்டுவது வசதி. இடையில் மின்சாரம் போனால் அரைகுறை இன்டெக்ஸ் செல்லாதது என்ற குறியோடு நின்றுவிடும். அது வினவலுக்கு உதவாமல் எழுதும் சுமையை மட்டும் கூட்டக்கூடும் என்பதால், நீக்கிவிட்டு மீண்டும் கட்ட வேண்டும். பழையவற்றை நீக்குமுன் பிஜி_ஸ்டாட்_யூசர்_இன்டெக்சஸ் காட்சியில் பயன்பாட்டு எண்ணிக்கையைப் பார்க்கலாம். ஆனால் மையவாரி அறிக்கை மார்ச் கணக்கு முடிப்பில் மட்டுமே ஓடும் தொழிற்சாலைகள் உண்டு. பிப்ரவரியில் பூஜ்யம் காட்டும் மைய இன்டெக்ஸை ஏப்ரல் வரை விட்டுவைப்பதே பாதுகாப்பு.