பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்து பைண்டிங் கடை

கத்தோலிக்கப் பள்ளியில் 29 வருஷம் கணக்கு டீச்சர். போன மே மாதம் 60 வயசு நிறைந்து ஓய்வு பெற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா வாங்கித் தந்த விவிலியம், 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, முதுகு பிய்ந்து திருப்பாடல்கள் தனியாகக் கழன்றுவிட்டது. மார்க்கெட் பக்கத்துச் சின்னக் கடையில் கொடுத்தேன். அண்ணாச்சி நூலால் தைத்து, கறுப்பு காலிகோ துணி ஒட்டிய அட்டை போட்டுக் கொடுத்தார். 300 ரூபாய். சொன்ன நாளுக்கு நாலு நாள் பிந்தித்தான் கிடைத்தது, அவசரத்துக்கு ஆகாது.

ஆனால் உள்ளே கிடந்த சீட்டுகளை அந்தந்தப் பக்கத்திலேயே வைத்திருந்தார்! 23-ஆம் திருப்பாடலில், “எனக்காக செபம் பண்ணுங்க டீச்சர், நாளைக்குக் கணக்குப் பரீட்சை” என்று ஒரு பிள்ளை பென்சிலில் எழுதிய துண்டுத்தாள். அன்று ராத்திரி அவளுக்காக முழங்காலில் நின்றபோதுதான், எனக்கு இது சம்பளத்துக்கான வேலை மட்டுமில்லை என்று தெரிந்தது. அந்தத் தாளின் மடிப்புகூட அண்ணாச்சி கையில் கலையவில்லை.