ப்ரெந்தெரெ, வெதேரெ: அழுத்தம் எங்கே?

இத்தாலிய மொழியில் '-எரெ' என்று முடியும் வினைகள் இரண்டு வகை. எழுத்தில் வித்தியாசம் தெரியாது, உச்சரிப்பில்தான் தெரியும். 'ப்ரென்-தெ-ரெ' (எடுக்க), 'லெஜ்-ஜெ-ரெ' (படிக்க) இரண்டிலும் அழுத்தம் முதல் அசையில். 'வெ-தே-ரெ' (பார்க்க) என்பதிலோ நடு அசையில்.

காரணம் பெரும்பாலும் லத்தீன். அங்கே '-எரெ'யின் முதல் 'எ' குறிலாக இருந்தவை முதல் வகை, நெடிலாக இருந்தவை இரண்டாம் வகை. சில வினைகள் மட்டும் பிற்காலத்தில் வகை மாறிவிட்டன.

எதை மனப்பாடம் செய்வது? இரண்டாவதைத்தான் என்பேன். அவேரெ (உடைத்திருக்க), பொதேரெ (இயல), தொவேரெ (வேண்டியிருக்க), வொலேரெ (விரும்ப), சபேரெ (அறிய) என எண்ணிக்கையில் குறைவு, ஆனால் பேச்சில் எப்போதும் வருபவை. எதிர்கால வினைவடிவத்திலும் இவை தனித்து நிற்கும்: வெதேரெ 'வெத்ரோ' ஆகச் சுருங்கும், ப்ரெந்தெரெ 'ப்ரெந்தெரோ' என்று நடுவிலுள்ள 'எ' என்ற உயிரெழுத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். அப்புறம், நிகழ்காலத்தில் 'அவர்கள்' வடிவத்துக்கு வந்தால் இந்த வேறுபாடே கிடையாது: வே-தொ-னொ, ப்ரென்-தொ-னொ, இரண்டிலும் முதல் அசைதான்.