ரிவர்ஸ் த்ரஸ்டும் எஞ்சின் வெப்பமும்: கேரவன் ஓட்டிய அனுபவத்திலிருந்து

செஸ்னா கேரவன் 208பி என்ற ஒற்றை எஞ்சின் புரொப்பல்லர் விமானத்தைப் பல ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். தரையிறங்கியபின் வேகத்தைக் குறைக்க ரிவர்ஸ் (புரொப்பல்லரின் விசையை எதிர்த்திசைக்குத் திருப்புவது) போட்டால் எஞ்சின் சூடேறிவிடாதா என்று புதிதாகப் பயிற்சிக்கு வருவோர் தவறாமல் கேட்கிறார்கள். எந்த வேகத்தில், எவ்வளவு நேரம் ரிவர்ஸில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தே அதற்குப் பதில் சொல்ல முடியும்.

இதிலுள்ள பிடி6ஏ-114ஏ எஞ்சினில், உள்வரும் காற்றை அழுத்தும் கம்ப்ரசரைச் சுழற்றும் டர்பைனுக்கும் புரொப்பல்லரைச் சுழற்றும் டர்பைனுக்கும் இடையே அளக்கப்படும் வெப்பம்தான் ஐடிடி. எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பவர் லீவரை, மிகக் குறைந்த சக்தி நிலையான ஐடிலுக்குப் பின்னால் இழுக்கத் தொடங்கும்போது புரொப்பல்லர் பிளேடுகளின் கோணம் மட்டுமே குறைகிறது. எரிபொருள் கூடுவதில்லை என்பதால் ஐடிடி முள் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். போதிய நீளமுள்ள ஓடுதளத்தில் இந்த பீட்டா நிலையே எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. அதற்கும் பின்னால் இழுத்தால்தான் பிளேடுகள் எதிர்க்கோணத்துக்குத் திரும்பி, கூடவே எரிபொருளும் கூடி, முள் ஏறுகிறது. கையேடு டேக்ஆஃபுக்கும் முழு ரிவர்ஸுக்கும் 805 டிகிரி செல்சியஸ் என்ற ஒரே வரம்பைத்தான் தருகிறது. ஆகவே, வேகம் இருக்கும்போது சிறிது நேரம் முழு ரிவர்ஸ் கொடுப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

வேகம் குறைந்தபின் நிலைமை மாறுகிறது. எதிர்க்காற்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளிக்கொடுப்பது நின்றுபோக, புரொப்பல்லர் முன்னோக்கி வீசும் காற்று புகைபோக்கியின் சூடான வாயுவையும் தரையின் புழுதியையும் கிளப்பி, மூக்கிலுள்ள காற்று வாயிலுக்கே கொண்டுவருகிறது. சூடான காற்றை உறிஞ்சும் எஞ்சினில் ஐடிடி கூடத்தான் செய்யும். ஆயில் கூலருக்கும் காற்று குறைகிறது. எனவே ஓட்டம் தளரத் தொடங்கியதுமே லீவரை பீட்டாவுக்குக் கொண்டுவந்து, மிச்சத்தைச் சக்கர பிரேக்கிடம் விட்டுவிடுகிறேன். லோ ஐடிலில் எஞ்சின் குளிர்ச்சியாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் வெயில் நாளில் ஏசியும் ஜெனரேட்டரும் சுமையேற்றும்போது, ஐடில் வேகத்தை மாற்றும் கண்டிஷன் லீவரைச் சற்று முன்னே தள்ளிப் பாருங்கள்: காற்றோட்டம் கூடி ஐடிடி இறங்குவது கண்ணெதிரே தெரியும். எஞ்சினை அணைக்கும் முன் ஐடிடி குறைந்தபட்ச நிலையில் ஒரு நிமிடம் நிலைத்திருக்க வேண்டும் என்ற விதியை நான் சுருக்குவதே இல்லை.

நீண்டகாலப் பயன்பாட்டில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது ஓடுதளத்தில் ஏறும் முள் அல்ல. மெதுவான ரிவர்ஸில் உறிஞ்சப்பட்ட புழுதி கம்ப்ரசரில் படிந்து, பின்னர் குரூஸில் (ஒரே உயரத்தில் சீராகப் பறக்கும்போது) அதே டார்க்குக்கு (முறுக்குவிசைக்கு) முன்னைவிடக் கூடுதல் ஐடிடியாக வெளிப்படுகிறது. படிந்த அழுக்கை கம்ப்ரசர் வாஷ் நீக்கிவிடும். மணல் அரித்த கம்ப்ரசர் பிளேடுகளை அதனால் மீட்க முடியாது. இதனால்தான் மண் ஓடுதளங்களில், உள்வரும் காற்றிலிருந்து புழுதியைப் பிரித்து வெளியேற்றும் இனர்ஷியல் செப்பரேட்டரைத் தரையிறங்கும் முன்பே பைபாஸில் வைத்துவிடுகிறேன். ஒவ்வொரு பயணத்திலும் குரூஸ் ஐடிடியைப் பதிவேட்டில் குறித்து, பழைய அளவுகளோடு ஒப்பிட்டும் வருகிறேன்.