ஷாம்ப் தெ மார்ஸில் ஒரு சனிக்கிழமை

போன சனிக்கிழமை அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயியில், ஷாம்ப் தெ மார்ஸ் மைதானத்தில் குதிரைப் பந்தயம் பார்க்கப் போனேன். கேலரிக்குச் சீட்டு எடுக்கவில்லை. நடுத்திடலில் காசில்லாமலே பார்க்கலாம், எனக்கு அதுதான் பிடிக்கும். வேலியோரம் நின்றால் குதிரைகள் கடக்கும்போது தரை அதிர்வது உள்ளங்காலில் தெரியும். ஒரு கடையில் கத்தோ பிமா ஆறிப்போயிருந்தது. அடுத்த வண்டியில் சுடச்சுட எடுத்து ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். நம் பருப்பு வடைதான், ஆனால் அந்தக் கூட்டத்தில் நின்று தின்றால் ருசியே தனி.

மூன்றாவது பந்தயத்தில் கடைசி நேர்பாதையில் இரண்டு குதிரைகள் உரசிக்கொண்டன. விசாரணை என்று ஒலிபெருக்கியில் சொல்லி முடிவை நிறுத்திவைத்தார்கள். "முன்னாடி வந்தது முன்னாடிதானே மாமா?" என்று பையன் கேட்டான்.

அப்புறம்தான் அவனுக்கு இங்கிலாந்துக் கதையைச் சொன்னேன். 1812இல் கர்னல் டிரேப்பர் இங்கே பந்தயத்தைத் தொடங்கியபோது அங்கே ஜாக்கி கிளப் என்ற பந்தய அமைப்புக்கு அறுபது வயது ஆகியிருந்தது. பெயர்தான் ஜாக்கி கிளப், அதில் இருந்ததெல்லாம் குதிரை ஓட்டுகிற ஜாக்கிகள் இல்லை, குதிரை வைத்திருந்த பிரபுக்கள். நியூமார்க்கெட் என்ற பந்தய ஊரில் தங்களுக்குள் வந்த வழக்கைத் தீர்க்க அவர்கள் எழுதிய விதிகளை மற்ற மைதானங்களும் எடுத்துக்கொண்டன. 1791இல் இளவரசரின் குதிரை எஸ்கேப் ஒருநாள் தோற்றது, மறுநாளே ஜெயித்தது. முதல் நாள் வேண்டுமென்றே தோற்கவைத்தார் என்ற சந்தேகம் ஜாக்கி சாம் சிஃப்னி மேல் விழுந்தது. இனி சிஃப்னி ஏறினால் உங்கள் குதிரைக்கு எதிராக யாரும் ஓட்டமாட்டார்கள் என்று கிளப்பின் சார்ல்ஸ் பன்பரி இளவரசரிடமே சொல்லிவிட்டார். இளவரசர் நியூமார்க்கெட்டை விட்டே போனார். பட்டத்து இளவரசரிடம் அப்படிச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 2006இல் நடந்தது. எப்சம், செல்ட்னம், எயின்ட்ரீ எல்லாம் அந்தக் கிளப்பின் மைதானங்கள். மைதானத்துக்காரரே நீதிபதியாகவும் இருப்பது சரியில்லை. விதி பார்க்கும் அதிகாரத்தைத் தனி அமைப்பிடம் கொடுத்துவிட்டார்கள். இப்போது மைதானங்களை நடத்துகிறார்கள், லாபத்தைப் பந்தயத்துக்கே திருப்பிப் போடுகிறார்கள்.

கதை முடிவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. முதலில் வந்த குதிரையை இரண்டாமிடத்துக்கு இறக்கினார்கள். பையன் கைதட்டினான்.

போகிறவர்கள் தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பந்தயத்துக்கு அரை மணி முன்னதாகவே போய்விட்டால் வேலியோரம் இடம் கிடைக்கும். விசாரணை என்று சொன்னால் மட்டும் தயவுசெய்து கிளம்பிவிடாதீர்கள்.