காஸ் மீட்டரில் பச்சை ஸ்டிக்கர் இருக்கிறதென்று குழிக்குள் இறங்காதீர்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மலக்குழி துப்புரவு, கிணறு சேறு எடுக்கிற வேலை செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். உங்களோடு நிற்கிற பெடியளுக்கும் சொல்லுங்கள்.

எங்களிடம் இருப்பவை ஒட்சிசன், எரியக்கூடிய வாயு, காபன் மொனொக்சைட், ஐதரசன் சல்பைட் நான்கையும் பார்க்கிற மீட்டர்கள். கலிபிரேஷன் (அளவு தெரிந்த வாயுவைக் காட்டி மீட்டரைச் சரிப்படுத்துவது) செய்து தருகிறேன் என்று வெளிமாவட்டத்து ஏஜென்ட் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது முதுகில் பச்சை ஸ்டிக்கர், அடுத்த திகதி, கையெழுத்து வைத்த சேர்டிபிகேட், எல்லாம் சரி. நீங்களே இடையில் சோதித்துப் பாருங்கள் என்று ஒரு சின்ன காஸ் சிலிண்டரையும் எங்களிடம் விற்றார். காசு முழுசாக வாங்கிவிட்டார்.

முறிகண்டிப் பக்கம் ஒரு குழியில் ஆளை இறக்க முதல் அந்த சிலிண்டரைப் பூட்டி வாயுவை மீட்டருக்குக் காட்டினோம். லேபிளில் ஐதரசன் சல்பைட் 25 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 25 பங்கு), காபன் மொனொக்சைட் 100 பிபிஎம், மெதேன் 2.5 வீதம், ஒட்சிசன் 18 வீதம் என்று இருக்கிறது. மற்ற மூன்றும் கிட்டத்தட்ட சரியாகவே காட்டின, ஐதரசன் சல்பைட் மட்டும் 4-இல் போய் நின்றுவிட்டது, அதற்கு அலாரமே அடிக்கவில்லை. அடுத்த மீட்டரிலும் அதே 4. இரண்டு மீட்டரும் ஒரே மாதிரிப் பழுதாகாதுதானே, அதனால் சிலிண்டரைத் திருப்பிப் பார்த்தோம். காலாவதித் திகதிக்கு மேல் இன்னொரு ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினால் அடியில் எப்போதோ முடிந்துபோன திகதி.

ஐதரசன் சல்பைட் சிலிண்டருக்குள் இருந்தபடியே மெல்ல மெல்லக் குறைந்துபோகிற வாயு. அதனால்தான் அதை அலுமினியச் சிலிண்டரில் அடைக்கிறார்கள், காபன் மொனொக்சைட், மெதேனை விடக் குறைந்த ஆயுளும் போடுகிறார்கள். இப்படிச் செத்த காஸில் கலிபிரேஷன் செய்தால் மீட்டர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும், சும்மா சும்மா அலாரம் அடிக்கும், கடைசியில் பெடியள் எரிச்சலில் ஓஃப் பண்ணிவிட்டு இறங்குவார்கள்.

ஆனால் அவர் அதைக்கூடச் செய்யவில்லை. மீட்டரின் மெனுவில் கடைசியாகக் கலிபிரேஷன் நடந்த திகதி பதிந்திருக்கும். எங்களுடையதில் இருந்தது, அவர் கையில் கொடுப்பதற்கு முந்திய திகதி! சேர்டிபிகேட்டில் பாவித்த சிலிண்டரின் லொட் நம்பர் (எந்தத் தொகுதியில் அடைத்தது என்ற இலக்கம்) வரவேண்டிய கட்டமும் வெறுமை.

போனில் கேட்டபோது சொன்ன பதில்தான் இன்னும் வயிறு எரியவைக்கிறது: "அண்ணை, செக்கிங்குக்கு ஸ்டிக்கர் இருந்தால் காணும்தானே." உள்ளே இறங்குவது ஸ்டிக்கரா, மனிதனா? ஐதரசன் சல்பைட்டின் கூழ்முட்டை நாற்றம் வந்தால் தெரியும்தானே என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். 100 பிபிஎம் அளவுக்குப் போனால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இன்னும் கீழே போவார்கள். கிணற்றுக்குள் மெசினை இறக்கி இறைக்கும்போது வருகிற காபன் மொனொக்சைட்டுக்கோ மணமே கிடையாது. மீட்டரைத் தவிர வேறு காவல் இல்லை.

இனி யாரிடம் கொடுத்தாலும் உங்கள் கண்முன்னே காஸ் காட்டச் சொல்லுங்கள். சிலிண்டரின் லொட் நம்பரும் காலாவதியும் சேர்டிபிகேட்டோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். வேலைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் இறங்க முதல் நீங்களே காஸ் காட்டி அலாரம் அடிக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் காசு இன்னும் வரவில்லை, இப்போது போனும் எடுக்கிறார் இல்லை. மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கமும் அவர் போய் வந்ததாகக் கேள்வி. பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய மீட்டர் வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே மெனுவைத் திறந்து திகதியைப் பாருங்கள், பார்க்கும்வரை ஒருவரையும் இறக்காதீர்கள்.