வார்கேம் மேசைக்கு அச்சிதழா, பி.டி.எஃப்பா, யூடியூபா? சேலத்திலிருந்து ஓர் அலசல்

சிறு பொம்மைப் படைகளை வைத்து மேசையில் போர்களை ஆடும் விளையாட்டுதான் வார்கேம். இங்கிலாந்திலிருந்து ஒரு வார்கேம் இதழைச் சேலத்துக்கு வரவழைத்தால், தபால் செலவு பல நேரம் அட்டை விலையைத் தொட்டுவிடும். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல பிரஷ்ஷும் இரண்டு மூன்று பெயின்ட் புட்டியும் வாங்கலாம். யூடியூப் இலவசம். அப்படியிருக்க, அச்சிதழ் எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆண்டுச் சந்தா வேண்டாம். பொருள் பார்த்துத் தேர்ந்தெடுத்த தனி இதழ்கள் கண்டிப்பாக வேண்டும். கை பழக வீடியோ, விதிகளுக்கும் வெட்டி ஒட்டும் தாள்களுக்கும் பி.டி.எஃப்., ஒரு போரை மேசையில் நடத்திப் பார்க்க அச்சிதழ்.

எந்த இதழ் எத்தனை நாள் நிற்கும்

வொயிட் டுவார்ஃப் 1977-ல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் தொடங்கிய இதழ். இன்று அந்த நிறுவனத்தின் ஆட்டங்களைத் தவிர வேறெதற்கும் அதில் இடமில்லை. அவற்றில் ஒன்றான வார்ஹாமர் 40,000-க்குப் புதிய பதிப்பு 2017, 2020, 2023 என்று மூன்றாண்டுக்கு ஒருமுறை வந்திருக்கிறது. ஆகவே இதழில் அச்சான விதிகளுக்கும் படைப்பட்டியல்களுக்கும் ஆயுள் அவ்வளவுதான். படங்களும் வண்ணக் குறிப்புகளும் மட்டும் கெடுவதில்லை. பழைய இதழ் மலிவாகக் கிடைத்தால் அந்தப் பக்கங்களுக்காக வாங்குங்கள், விதிகளுக்காக வாங்காதீர்கள்.

வரலாற்றுப் போர்களை ஆடுகிறவர்களுக்கு வார்கேம்ஸ் இல்லஸ்ட்ரேட்டடுதான் முதல் தேர்வு. டங்கன் மக்ஃபார்லேன் 1983-ல் மினியேச்சர் வார்கேம்ஸைத் தொடங்கி, பிறகு 1987-ல் இதைத் தொடங்கினார். நெதர்லாந்தின் கர்வான்சராய் வெளியிடும் வார்கேம்ஸ், சோல்ஜர்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டஜி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். ஒவ்வோர் இதழிலும் ஒரு காலகட்டத்தை மையமாக வைத்துப் பல கட்டுரைகள் இருக்கும். எந்த விதிப்புத்தகம் மாறினாலும் ஆங்கிலேயரும் மராத்தியரும் மோதிய 1803 அஸ்ஸாயே போரில் யார் எங்கே நின்றார்கள் என்பது மாறாது. இருபது வருடத்துக்கு முந்தைய இதழும் மேசைக்கு உதவும். ஒரே காலகட்டத்தில் ஊறிப்போக விரும்புகிறவர்களுக்கு வார்கேம்ஸ், சோல்ஜர்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டஜியையே சொல்வோம்.

வண்ணம் தீட்டுவதில்

இங்கே வீடியோ முந்துகிறது. பெயின்ட் எவ்வளவு நீர்க்க இருக்க வேண்டும், டிரை பிரஷ் (ஏறக்குறையக் காய்ந்த பிரஷ்ஷால் மேடுகளை மட்டும் தொட்டுத் தீட்டுவது) செய்யும் முன் டிஷ்யூவில் எவ்வளவு துடைக்க வேண்டும் என்பதை எழுத்தில் சொல்வது கடினம். நீர்மோர் போல ஓட வேண்டும் என்று எழுதலாம். பிரஷ் நுனியிலிருந்து அது இறங்குவதைக் கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும். ஆனால் ஒரு முறை கை பழகிவிட்டால் வீடியோ பாரமாகிவிடும். ஐந்தாவது கட்டத்தில் என்ன நிறம் என்று தேட, பெயின்ட் படிந்த விரலால் திரையை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். இதழில் ஆறு கட்டமும் ஒரே பக்கத்தில் கண்முன் இருக்கும்.

அச்சின் குறை ஒன்றுண்டு. திப்புவின் காலாட்படையை எடுத்துக்கொள்ளுங்கள்: ஊதாத் துணியில் வெள்ளைப் புலிக்கோட்டு வடிவங்கள். நான்கு மையில் அச்சிடும்போது ஊதா சரியாக விழாது; நீலம் தட்டும் அல்லது மங்கிவிடும். படத்தைப் பார்த்து நிறம் கலக்காமல் கட்டுரை சொல்லும் பெயின்ட்டை நம்புங்கள். அது கிடைக்காவிட்டால் வெள்ளை அட்டையில் ஒரு தீற்று தீற்றி, நன்றாகக் காய்ந்த பிறகு, காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கருக்கும். 28 மி.மீ. உயரப் பொம்மையில் புலிக்கோடு ஒவ்வொன்றும் ஒரு மி.மீ. நீளத் துளியாக இருந்தால் போதும். தூய வெள்ளை வேண்டாம், லேசாக மங்கிய வெள்ளை. 15 மி.மீ. என்றால் பிரஷ் நுனியால் தொட்டு எடுங்கள். இடைவெளி விடாமல் வைத்தால் தூரத்திலிருந்து பார்க்கும்போது மொத்தச் சட்டையும் வெளுத்துத் தெரியும்.

இதழும் சரி, வீடியோவும் சரி, நம்மூர் வெயிலைக் கணக்கில் எடுப்பதில்லை. ‘ஈரம் காயும் முன் அடுத்த நிறத்தை இழுத்துக் கலக்கவும்’ என்பார்கள். ஏப்ரல் மதியம் சேலத்தில் ஃபேனுக்கு அடியில் அந்த ஈரம் நிற்கவே நிற்காது. மூடியுள்ள தட்டையான டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சைப் பரப்பி, மேலே பேக்கிங்குக்கு விற்கும் பட்டர் பேப்பரை விரித்து அதில் பெயின்ட் வையுங்கள். மெழுகு பூசிய தாள் உதவாது. ஈரம் மேலே ஏறாது. ஏற்காட்டில் சிக்கல் தலைகீழ். பனிமூட்டத்தில் வார்னிஷ் ஸ்பிரே அடித்தால் ஈரம் உள்ளே சிக்கிப் பொம்மை முழுக்க வெண்புகை படர்ந்துவிடும். அங்கே பிரஷ்ஷால் பூசும் வார்னிஷ்தான் பாதுகாப்பு.

ஆட்டத்திட்டம்: அச்சின் கோட்டை

நல்ல இதழில் ஒரு போருக்கான வரைபடம், இரு தரப்புப் படைப்பட்டியல், தொடக்க நிலை, சிறப்பு விதிகள், வெற்றி நிபந்தனை, எத்தனை சுற்று என்பதெல்லாம் எதிரெதிர் இரண்டு பக்கத்தில் அடங்கியிருக்கும். விரித்து மேசையோரம் வைத்தால் இருவருமே குனிந்து பார்க்கலாம். வீடியோவில் நாற்பது நிமிடம் ஆட்டத்தை ரசிக்கலாம். படைப்பட்டியல் சில நொடிதான் திரையில் நிற்கும்.

பெரும்பாலான திட்டங்கள் 6×4 அடி மேசைக்கு எழுதப்பட்டவை. 8×4 பிளைவுட்டில் 2 அடி வெட்டிவிட்டால் அளவு சரியாக வரும். வீட்டில் அவ்வளவு இடமில்லை என்றால் 15 மி.மீ. பொம்மைக்கு மாறி, எல்லா நீளத்தையும் மூன்றில் இரண்டாகக் குறையுங்கள்: 72×48 அங்குலம் 48×32 ஆகும். நடைதூரத்தை மட்டும் குறைத்துவிட்டுச் சுடுதூரத்தை அப்படியே விடுவதுதான் பலர் செய்வது. அப்படிச் செய்தால் பீரங்கி மேசை முழுவதையும் ஆண்டுவிடும். காலாட்படை கிட்டே நெருங்கவே முடியாது.

நம் வட்டாரப் போர்களுக்கு ஆயத்தத் திட்டம் கிடைப்பது அரிது, ஆனால் திருத்திக்கொள்ள முடியும். 1799 ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகைத் திட்டம் ஒன்று கையில் இருந்தால், 1791 நவம்பரில் கம்பெனிப் படையின் மேக்ஸ்வெல் திப்புவின் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கித் தோற்றதை அதிலிருந்து அமைக்கலாம். (அடுத்த ஆண்டு உடன்படிக்கையில்தான் கிருஷ்ணகிரி வட்டாரமான பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்குப் போயின.) ஆற்றைக் கடப்பது, மதில் உடைப்பு பற்றிய விதிகளை எடுத்துவிடுங்கள். கீழ்க்கோட்டையிலிருந்து மேலே ஏறுவது, ஏணி, மேலிருந்து உருட்டும் பாறை ஆகியவற்றைச் சேருங்கள். மலைக்கு இரண்டு அங்குலத் தெர்மாகோலை அடுக்கினால் போதும். பொம்மை ஒட்டப்பட்ட 25 மி.மீ. அடித்தட்டு நிற்க ஒவ்வொரு படியும் 30 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். இல்லையென்றால் வீரர்கள் சரிந்துகொண்டே இருப்பார்கள். ஸ்பிரே பெயின்ட்டும் ஃபெவிக்விக்கும் தெர்மாகோலை அரித்துவிடும். முதலில் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை இரண்டு முறை முழுவதும் பூசிக் காயவிடுங்கள்.

பி.டி.எஃப்.: செல்போனில் அல்ல, ஜெராக்ஸ் கடையில்

ஆறு அங்குலத் திரையில் இரட்டைப் பக்க வரைபடம் இரண்டாகப் பிளந்துபோகும். பத்து அங்குல டேப்லெட் இருந்தால் பரவாயில்லை. பி.டி.எஃப்பின் உண்மையான பலம் தேடுவதும் அச்செடுப்பதும்தான். அச்செடுக்கும்போது ‘ஃபிட் டு பேஜ்’ வேண்டாம், 100 சதவீதம் என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அடித்தட்டு அளவுத்தாள் சில மி.மீ. சுருங்கிப் பொம்மை பொருந்தாது. முதல் தாளை ஸ்கேலால் அளந்துவிட்டு மற்றதை எடுங்கள்.

கொடிகளுக்கு லேசர் பிரின்ட்டே எடுக்க வேண்டும். இங்க்ஜெட் மை ஃபெவிகால் ஈரத்தில் கசியும். 80 ஜி.எஸ்.எம். தாளில் எடுத்து, உள்பக்கம் மெல்லப் பசை தடவி, கம்பியைச் சுற்றி மடித்து, ஈரம் இருக்கும்போதே பிரஷ் கைப்பிடியால் அலை வளையுங்கள். காய்ந்ததும் வெள்ளையாகத் தெரியும் தாள் விளிம்புக்கு அதே நிறம் தீட்டினால்தான் துணி போலத் தெரியும்.

வாங்கும் முன், வாங்கிய பின்

வார்கேம்ஸ் இல்லஸ்ட்ரேட்டடின் சில இதழ்களோடு பொம்மைத் துண்டுகள் பிணைந்த பிளாஸ்டிக் சட்டகம் இலவசமாக வரும். அங்கே அது லாபம். இங்கே 2020 பட்ஜெட்டில் பொம்மைக்கான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-ல் 70-க்கும் உயர்ந்தது முதல், பிளாஸ்டிக் உள்ள பார்சல் கஸ்டம்ஸில் கேள்விக்குள்ளாகலாம். இதழ் மட்டும் போதும் என்றால் இலவசம் இல்லாத பழைய இதழைக் கேட்டு வாங்குங்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைத்தால் தபால் செலவு பங்கிடப்படும்.

வந்த இதழைச் சேலத்தில் ராமபாணப்பூச்சியிடமிருந்தும் ஏற்காட்டில் ஈரத்திடமிருந்தும் காக்க வேண்டும். சுவரை ஒட்டாமல் நிமிர்த்தி அடுக்கி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். பளபளப்புத் தாள் நனைந்து அப்படியே காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. நனைந்தது தெரிந்தவுடன், ஈரம் இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே பட்டர் பேப்பர் செருகி, நிழலில் ஃபேன் காற்றில் காயவையுங்கள்.