நகரசபைக் குழுவில் ஐந்து நிமிடம் பேசலாம்: 5க்கு மூன்றரை நட்சத்திரம்

புட்டுக்கடைக்கும் பல் டொக்டருக்கும் நட்சத்திரம் போடுகிற நாங்கள், எங்கள் வரிக்காசில் நடக்கிற ஒரு சேவைக்கு மட்டும் ஒருநாளும் விமர்சனம் எழுதுவதில்லை. ரொறன்ரோ நகரசபையின் குழுக் கூட்டங்களில் யாரும் போய்ப் பேசலாம். கட்டணம் இல்லை, குடியுரிமை கேட்க மாட்டார்கள், சொந்த வீடா வாடகையா என்றும் கேட்க மாட்டார்கள். இதை டெபியூட்டேஷன் என்பார்கள். பெயரைக் கேட்டால் பெரிய விஷயம் போல இருக்கும், உண்மையில் பதிந்துவிட்டுப் போய் மைக்குக்கு முன்னால் இருந்து பேசிவிட்டு வருவதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மேயரோடு சேர்த்து 26 பேர் இருக்கிற முழு நகரசபைக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச முடியாது, பார்க்கலாம், அவ்வளவுதான். பேச இடம் தருவது அதற்குக் கீழே இருக்கிற குழுக்கள். வீதிக்கும் குப்பைக்கும் ஒரு குழு, வீட்டுத்திட்டத்துக்கு ஒரு குழு, வரவுசெலவுக்கு ஒரு குழு என்று இருக்கும், அதோடு நகரத்தை நான்காகப் பிரித்து நான்கு சமூகசபைகள். எங்கள் பக்கம் ஸ்காபரோ சமூகசபை. 20 முதல் 25 வரையான ஆறு வட்டாரங்களின் கவுன்சிலர்கள் ஆறு பேர் அதில் இருப்பார்கள், கூட்டம் ஸ்காபரோ சிவிக் சென்டரில் நடக்கும். ரேமண்ட் மொரியாமா வடிவமைத்து 1973இல் திறந்த கட்டடம் அது. கூட்டத்துக்குப் போகாவிட்டாலும் உள்ளே ஒருமுறை போய் அண்ணாந்து பாருங்கள்.

பதிவது சுலபம், இதற்கு முழு நட்சத்திரம் கொடுக்கலாம். கூட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு முன் நிகழ்ச்சி நிரல் நகரசபை இணையதளத்தில் வந்துவிடும். ஒவ்வொரு விடயத்துக்கும் ஓர் இலக்கம் இருக்கும், நடுவில் இருக்கிற இரண்டு எழுத்தைப் பார்த்தாலே எந்தக் குழு என்று தெரியும்: எஸ்சி என்றால் ஸ்காபரோ, ஈஎக்ஸ் என்றால் மேயர் தலைமை தாங்கும் செயற்குழு. அந்த விடயத்தின் பக்கத்திலேயே பேசப் பதிய ஒரு பொத்தான், கருத்து எழுதி அனுப்ப இன்னொரு பொத்தான். மின்னஞ்சலோ தொலைபேசியோ போதும் என்பவர்களுக்குக் குழுவின் கிளார்க் தொடர்பும் அங்கேயே இருக்கும். நேரில் போகலாம், வீட்டில் இருந்து வீடியோவிலும் பேசலாம். பதியும்போது இலக்கத்தைச் சொல்லுங்கள், "தெருப் பிரச்சினை பற்றிப் பேசவேண்டும்" என்றால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. நிரலில் இல்லாத விடயத்தைப் பற்றிப் பேசவும் முடியாது, உங்கள் தெருப் பிரச்சினை நிரலில் ஏறவேண்டும் என்றால் அதற்கு வழி உங்கள் வட்டாரக் கவுன்சிலர்தான்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது: நீங்கள் அனுப்பும் கடிதமும் உங்கள் பெயரும் பொதுப் பதிவாகிவிடும், இணையத்தில் தேடினால் வரும். பேசினால் யூடியூபில் காணொளியாகவும் கிடக்கும். கடிதத்துக்குள் வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம், பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடம் எல்லாம் எழுதி வைக்காதீர்கள்.

சரி, ஐந்து நிமிடத்துக்கு வருவோம். விதிப்படி ஒருவருக்கு ஐந்து நிமிடம், ஒரு விடயத்தில் ஒரு தடவைதான். ஆனால் பட்டியல் நீண்டால் குழு வாக்கெடுத்து நேரத்தைக் குறைக்கலாம், குறைக்கவும் செய்கிறார்கள். வரவுசெலவு பற்றி மக்கள் கருத்துக் கேட்கும் நாள் போன்ற கூட்டமான நாட்களில் மூன்று நிமிடம் என்று நினைத்துக்கொண்டே எழுதிப் போவது புத்தி. ஐந்து நிமிடத்துக்கு எழுதியதை மூன்று நிமிடத்தில் வாசிக்கப் பார்த்தால் மூச்சு முட்டும், கேட்பவருக்கும் ஒன்றும் ஏறாது. கைதட்டக் கூடாது, பதாகை பிடிக்கக் கூடாது, நீங்கள் கவுன்சிலரைக் கேள்வி கேட்கவும் கூடாது. கடைசி விதி சிலருக்குக் கோபம் வரப்பண்ணும். எனக்கு அது சரியாகவே படுகிறது, இல்லாவிட்டால் கூட்டம் சந்தைக்கடையாகிவிடும்.

இந்த விதிகளை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று தெரிய வேண்டுமானால் 2011 ஜூலை 28ஐப் பாருங்கள். ரொப் ஃபோர்ட் மேயராக இருந்த காலம், நூலகம் உட்படப் பல சேவைகளில் வெட்டு வரப்போகிறது என்ற பேச்சு. செயற்குழுவில் பேச 300க்கும் மேற்பட்டவர்கள் பதிந்தார்கள். காலை 9.30க்குத் தொடங்கிய கூட்டம் இரவு முழுக்க நடந்து மறுநாள் காலைதான் முடிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட நடுச்சாமம் தாண்டிக் காத்திருந்து பேசினார்கள். பதிந்தவர் காத்திருந்தால் கேட்டே ஆகவேண்டும் என்பதற்கு அந்த இரவு சாட்சி. எத்தனை மணிக்கு உங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதற்கும் அதே இரவுதான் சாட்சி, அரை நட்சத்திரத்தை நான் குறைப்பது இதற்குத்தான்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உங்கள் பேச்சு முடிந்ததும் தவிசாளர், "கேள்வி உண்டா?" என்று உறுப்பினர்களைப் பார்ப்பார். அந்தக் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதில் உங்கள் ஐந்து நிமிடத்தில் கழியாது. விதிப்படி கேள்வி விளக்கம் கேட்கத்தான், வாதாட அல்ல. ஆனால் விஷயம் தெரிந்த கவுன்சிலர் ஒருவர், "அந்தச் சந்தியில் காலையில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லுங்கள்" என்று கேட்டால் உங்களுக்கு இன்னொரு நிமிடம் கிடைத்துவிடும், அதுவும் எழுதி வாசிக்காத நிமிடம். கவுன்சிலர்கள் தலை நிமிர்ந்து கேட்பது பெரும்பாலும் அப்போதுதான். ஆகவே எல்லாவற்றையும் பேச்சில் அடைக்காதீர்கள். ஒரு படத்தையோ ஒரு கணக்கையோ கையில் மிச்சம் வைத்துக்கொண்டு, உங்கள் பகுதிக் கவுன்சிலர் அலுவலகத்துக்கு முந்தின நாளே சொல்லிவையுங்கள்.

இந்த இடத்தில் கவுன்சிலர்களுக்கான விதியும் உங்களுக்கு உதவும். குழுவில் உறுப்பினராக இல்லாத கவுன்சிலரும் அந்தக் கூட்டத்துக்கு வரலாம், கேள்வி கேட்கலாம், பேசலாம். வாக்களிக்க மட்டும் முடியாது, பிரேரணையைத் தானே கொண்டுவரவும் முடியாது, குழுவில் இருக்கிற ஒருவரைப் பிடித்துத்தான் கொண்டுவரவேண்டும். உங்கள் வட்டாரக் கவுன்சிலர் அந்தக் குழுவில் இல்லை என்று சோர்ந்துபோக வேண்டாம், "அன்றைக்கு வந்து ஒரு கேள்வி கேளுங்கோ" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 2018இல் மாகாண அரசு கவுன்சிலர் தொகையை 25 ஆக வெட்டியதில் இருந்து ஒவ்வொருவர் தலையிலும் பல குழுக்கள், சபைகள். அழைக்காமல் தாமாக வருவார்கள் என்று எதிர்பார்க்க ஏலாது.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. 2023 இடைத்தேர்தலில் பார்த்தி கந்தவேள், 2025 இடைத்தேர்தலில் நீதன் சண் என்று ஸ்காபரோவில் தமிழர் தெரிவானார்கள், அதனால் ஒரு ஃபோன் போட்டு "தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்கோ" என்றால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஃபோன் போடுவது நல்லதுதான். ஆனால் ஃபோனில் சொன்னது கூட்டப் பதிவில் ஏறாது, மற்ற ஐந்து கவுன்சிலர் காதிலும் விழாது.

ஓர் உதாரணம். நாலு பக்கமும் ஸ்டொப் பலகை கேட்கிற விடயங்கள் சமூகசபையில் அடிக்கடி வரும். நகர அதிகாரிகளின் அறிக்கை வாகன எண்ணிக்கையையும் விபத்துக் கணக்கையும் வைத்து, "தகுதி வரம்பை எட்டவில்லை" என்று பலமுறை சொல்லும். அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். அறிக்கை பரிந்துரை மட்டும்தான், முடிவெடுப்பது சமூகசபை. தெருவில் இருக்கிற இரண்டு மூன்று பேர் வந்து, பாட்டி ஒருவர் பேரப்பிள்ளையோடு அந்தச் சந்தியைக் கடக்க எவ்வளவு நேரம் நிற்கவேண்டி இருக்கிறது என்று சொன்னால், பகுதிக் கவுன்சிலர் பரிந்துரையை மாற்றிப் பிரேரணை கொண்டுவருவது சாதாரணமாக நடக்கிற காரியம். உள்ளூர்த் தெரு என்றால் அங்கேயே முடிவு. நகரப் போக்குவரத்துச் சேவையான ரீரீசியின் பஸ் ஓடுகிற வீதி என்றால் முழு நகரசபை வரை போகும்.

இங்கேதான் பெரிய குறை. நகரசபைக்குப் போகிற விடயத்தில், குழுவில் நீங்கள் பேசியது ஒன்று, கடைசியில் சபையில் வாக்குக்கு வருவது இன்னொன்றாக இருக்கலாம். சபையில் எந்தக் கவுன்சிலரும் புதிய திருத்தம் கொண்டுவரலாம், அந்தத் திருத்தம் பற்றி உங்களால் ஒரு சொல் பேச முடியாது. எழுதி அனுப்பலாம்தான், ஆனால் திருத்தத்தையே அன்றைக்குத்தான் காண்பீர்கள் என்றால் எதை எழுதி அனுப்புவது? இதற்கு ஒரு முழு நட்சத்திரம் போகிறது. சட்ட ஆலோசனை, வழக்கு, காணி வாங்குவது போன்றவற்றுக்கு மூடிய அமர்வு வைப்பது வேறு விடயம், அதைச் சட்டமே அனுமதிக்கிறது, நியாயமும் உண்டு.

மூன்றரை நட்சத்திரம்தான் என்றாலும், போகவேண்டும் என்பது என் கட்சி. வாரநாள் காலை 9.30 கூட்டம் ஓய்வு பெற்றவர்களுக்கும் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் கட்டட நிறுவனங்களுக்கும் வசதி, தொழிற்சாலையில் காலை ஷிப்ட் செய்கிறவருக்கு வசதியில்லை, அது உண்மைதான். வீடியோ வந்தபிறகு இதில் பாதிச் சிக்கல் குறைந்திருக்கிறது, இடைவேளையில் காருக்குள் இருந்து பேசலாம். அதுவும் முடியாவிட்டால் ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் கடிதம் எழுதி, முதல் வரியிலேயே விடய இலக்கத்தையும் ஆதரிக்கிறீர்களா எதிர்க்கிறீர்களா என்பதையும் போடுங்கள். ஆங்கிலம் தயக்கம் என்றால் நகரசபையின் தொலைபேசிச் சேவையான 311க்கு அடித்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், எந்தக் குழு, என்றைக்குக் கூட்டம் என்பதை அங்கேயே விசாரித்துக்கொள்ளலாம். பேசப் போகிறவர்கள் முந்தின கூட்டத்தின் காணொளியில் ஒரு பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போங்கள், தவிசாளர் எப்படிக் கூப்பிடுகிறார், எப்போது நிறுத்துகிறார் என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.